முதுமையும் தேடலும்

நுழையும்முன்

மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் அறுவைச் சிகிச்சைக்கு இசைவு தருவது வரை, முடிவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தேடல் இருக்கிறது. அத்தேடலை எங்கே தொடங்குகிறோம், எவற்றைப் பார்க்கிறோம், எவற்றைப் பாராமல் கடந்துபோகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பவை வயதோடு மாறுகின்றன. நம் வீட்டு முதியோர் எடுக்கும் முடிவுகளைப் புரிந்துகொள்ள உதவும் உளவியல் செய்திகள் சிலவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரிகாற்சோழனைப் பற்றிய கதை ஒன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வழக்கொன்றைக் கொண்டு அவைக்கு வந்த முதியவர் இருவர், அரசிருக்கையில் இருந்தவன் இளைஞன் என்பதைக் கண்டு தயங்கினர். 'நம் வழக்கின் நுட்பத்தை இவனால் ஆராய்ந்தறிய இயலுமா?' என்பது அவர்களின் ஐயம். அதனைக் குறிப்பால் உணர்ந்த மன்னன், நரைமுடி அணிந்து முதியவனாகத் தோன்றி அமர்ந்து, இருவரும் மனநிறைவு கொள்ளும்படி தீர்ப்பு வழங்கினான். பழமொழி நானூற்றிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மன்னனின் அறிவு நரைமுடிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். மாறியது முதியவர்களின் நம்பிக்கை மட்டுமே. முடிவெடுக்கும் தகுதியை முதுமையோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இக்கதை சான்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. முதலாம் பராந்தக சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921-இல் வெட்டப்பட்ட அக்கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கிறது. இளமைக்கு மட்டுமன்றி முதுமைக்கும் ஊரார் ஓர் எல்லை வகுத்திருந்தனர். முதியவரின் முடிவை நம்பலாமா, நம்பலாகாதா என்னும் கேள்விக்குக் கதையும் கல்வெட்டும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர் இக்கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுள்ளனர். முடிவு சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன், அம்முடிவுக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார், அதற்காக எவ்வளவு தகவலைத் திரட்டுகிறார் என்பதை அவர்கள் அளந்து பார்த்தனர்.

தேடலை அளத்தல்

மனத்துக்குள் நிகழும் தேடலை அளப்பது எப்படி? அமெரிக்க ஆய்வாளர் ஜான் பெயின் 1976-இல் வெளியிட்ட ஆய்வினால் 'தகவல் பலகை' என்னும் எளிய கருவி பரவலாக அறியப்பட்டது. அதனை நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்றின் வழியே காணலாம்.

ஐந்து நிறுவனங்களின் மிக்சிகளுள் ஒன்றை வாங்க வேண்டும் எனக் கொள்வோம். விலை, மோட்டாரின் ஆற்றல், ஜார்களின் எண்ணிக்கை, உத்தரவாதக் காலம், இரைச்சல், பழுதுபார்க்கும் இடத்தின் தொலைவு என ஆறு கூறுகளை ஒப்பிட வேண்டும். ஐந்து பொருள்களுக்கும் ஆறு கூறுகளுக்குமாக முப்பது கட்டங்கள் கொண்ட பலகை கிடைக்கும். எல்லாக் கட்டங்களும் மூடப்பட்டிருக்கும். முடிவெடுப்பவர் தமக்கு வேண்டிய கட்டத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே சென்று, போதும் என்று தோன்றும்போது ஒரு மிக்சியைச் சுட்ட வேண்டும். எத்தனை கட்டங்கள் திறக்கப்பட்டன, எந்த வரிசையில் திறக்கப்பட்டன, ஒவ்வொன்றையும் எவ்வளவு நேரம் பார்த்தார் என்பவற்றை ஆய்வாளர் குறித்துக்கொள்வார். முன்பு அட்டைகளைக் கொண்டு செய்யப்பட்ட இது, இப்போது கணினித் திரையில் செய்யப்படுகிறது.

பலகையைக் கொஞ்சநேரம் மறந்துவிட்டு உண்மைக் கடைக்குள் நுழைவோம். பேரன் கைப்பேசியில் ஐந்து மிக்சிகளின் விவரங்களையும் திறந்துவைத்து, வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்துக்கொண்டிருக்கிறான். பாட்டியோ கடைக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேட்கிறார். "சட்னி ஜார் மூடி இறுக்கமா நிக்குமாப்பா?" என்பது முதலாவது. "ரிப்பேர் ஆனா நம்ம ஊருலயே பார்ப்பாங்களா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்த மிக்சியைக் காட்டி, "இதையே கட்டிக் கொடுங்க" என்கிறார். பேரன் இருபது கட்டங்களுக்கு மேல் திறந்துவிட்டான். பாட்டி திறந்தவை நான்கோ ஐந்தோ.

ஆய்வுக்கூடத்திலும் ஏறத்தாழ இதுவே காணப்பட்டது. கார் வாங்குவதுபோன்ற சூழலை அமைத்து 1990-இல் வெளியான ஆய்வொன்றில், முதியோர் இளையோரைவிடக் குறைவான தகவல்களையே பார்த்தனர். ஆனால் பார்த்த ஒவ்வொன்றிலும் கூடுதல் நேரம் செலவிட்டனர். பின்னர் இத்தகைய ஆய்வுகள் பல நடைபெற்றன. அவற்றையெல்லாம் ஒருங்கே தொகுத்துக் கணக்கிட்டு ருய் மாட்டா, லுடுமிலா நூனெஸ் ஆகிய இருவரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வயது கூடக்கூடத் தேடல் குறைகிறது என்பது அதில் உறுதியாயிற்று. எனினும் அக்குறைவு சிறிது. அக்குறைவினால் தேர்வின் தரம் எவ்வளவு கெடும் என்று அவர்கள் கணக்கிட்டபோது, இழப்பு அதனினும் சிறிதாக இருந்தது. பேரன் திறந்த இருபது கட்டங்களும் பாட்டி திறந்த ஐந்து கட்டங்களும் பெரும்பாலும் ஒரே கடைமேசைக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன என்பது இதன் பொருள்.

குறைவுக்குக் காரணம் என்ன?

ஒரு காரணம் வெளிப்படையானது. பல செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி ஒப்பிட உதவும் ஆற்றலைச் செயல் நினைவு என்பர். முதல் மிக்சியின் விலையை நினைவில் வைத்துக்கொண்டே நான்காவதன் உத்தரவாதக் காலத்தைப் படிப்பது இந்த ஆற்றலின் வேலை. வயது ஏற ஏற இது தளர்கிறது. மனம் செயற்படும் வேகமும் குறைகிறது. முப்பது கட்டங்களைத் திறந்து பார்த்தாலும், இருபதாவது கட்டத்துக்கு வரும்போது முதல் ஐந்து மறந்துபோனால் அத்தேடலால் பயனில்லை. ஆகவே தேடலைச் சுருக்கிக்கொள்வது இயலாமையின் அடையாளம் என்பதோடு, அந்த இயலாமையை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் அறிவின் அடையாளமுமாகும்.

அறிவாற்றல் என்பது ஒரே பொருளன்று என ரேமண்ட் கேட்டல் என்னும் உளவியலாளர் பிரித்துக் காட்டினார். புதிய சிக்கலை அந்த நேரத்திலேயே ஆராய்ந்து அவிழ்க்கும் திறன் ஒன்று. இதனைப் பாய்ம நுண்ணறிவு என்பர். கல்வியாலும் வாழ்க்கையாலும் படிந்து சேர்ந்த அறிவு மற்றொன்று; இது படிக நுண்ணறிவு. முன்னது இளமையில் உச்சம் தொட்டுப் படிப்படியாகக் குறைவது. பின்னது முதுமையிலும் நெடுங்காலம் குறையாமல் நிற்பது. பாட்டியின் இரண்டு கேள்விகளும் இரண்டாம் வகை அறிவிலிருந்து பிறந்தவை. மூடி கழன்று சட்னி சுவரெல்லாம் தெறித்த நாள்களும், பழுதான மிக்சியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிய நாள்களும் அக்கேள்விகளுக்குப் பின்னால் இருக்கின்றன. எந்தக் கட்டங்களைத் திறக்க வேண்டியதில்லை என்பதை அவர் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார். பேரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் எல்லாவற்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

> தெரியுமா?
> 1984-இல் திமோத்தி சால்ட்ஹவுஸ் தட்டச்சர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்களின் வயது 19 முதல் 72 வரை. விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்துவதுபோன்ற தேர்வில் மூத்தவர்களின் விரல்கள் மெதுவாகவே இயங்கின. ஆயினும் தட்டச்சு வேகத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. தட்டிக்கொண்டிருக்கும் எழுத்துக்கு மிக முன்னதாகவே அடுத்தடுத்த எழுத்துகளைப் பார்த்துவைத்துக்கொள்ளும் பழக்கத்தால் அவர்கள் விரலின் தளர்வை ஈடுசெய்தனர்.

பொருளியல் நோபல் பரிசை 1978-இல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர் எவரும் மிகச் சிறந்ததைத் தேடி முடிவெடுப்பதில்லை என்றார். தமக்குப் போதுமான அளவு நல்லதாக இருப்பது கிடைத்தவுடன் தேடலை நிறுத்திக்கொள்வதே மனித இயல்பு என்பது அவர் கருத்து. ஆகவே முதியோர் செய்வது புதியதொன்றன்று. எல்லாரும் செய்வதையே அவர்கள் சற்று முன்னதாகச் செய்கின்றனர்.

ஆனால், சுருக்கமாகத் தேடும் பழக்கம் மாற்றமுடியாத பிடிவாதமாகிவிடுமோ என்னும் ஐயம் எழலாம். 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில் மாட்டாவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதனைச் சோதித்தனர். சில தகவல்கள் மட்டுமே போதுமான சூழல் ஒன்றையும், நிறையத் தகவல்களைத் திரட்டினால்தான் சரியான விடை கிடைக்கும் சூழல் ஒன்றையும் அவர்கள் அமைத்தனர். முதியோர் இரண்டிலும் இளையோரைவிடக் குறைவாகவே தேடினர். ஆயினும் இளையோரைப் போலவே அவர்களும் சூழலுக்குத் தக்கபடி தம் தேடலைக் கூட்டவும் குறைக்கவும் செய்தனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கண்ட ஆய்வுகள் ஒரே காலத்தில் வாழும் இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் அருகருகே நிறுத்தி ஒப்பிடுகின்றன. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வயதினால் மட்டும் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் பெற்ற கல்வி வேறு. வளர்ந்த காலம் வேறு. பழகிய கருவிகளும் வேறு. இச்சிக்கலை நன்குணர்ந்த வார்னர் ஷாய் என்பவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் தேர்வுக்கு உட்படுத்தினார். தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாடுகள் பலவற்றை முதுமையின் விளைவுகளாகத் தவறாக எண்ணிவந்தோம் என்பதை அந்நீண்ட ஆய்வு காட்டியது. கைப்பேசியோடு வளர்ந்த இன்றைய மாணவர் எழுபது வயதில் எப்படித் தேடுவார் என்பதை இன்றைய எழுபது வயதினரைக் கொண்டு முழுமையாகக் கணித்துவிட முடியாது.

நோயின் முன்னிலையில்

மிக்சியில் தவறினால் இழப்பு சில ஆயிரம் ரூபாய். உயிர் தொடர்பான முடிவுகளில் என்ன நிகழ்கிறது?

போனி மேயர் என்பவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. இளையோர், நடுவயதினர், முதியோர் என மூன்று பிரிவுகளைச் சேர்ந்த பெண்களிடம் அவர்கள் ஒரு கற்பனைச் சூழலை முன்வைத்தனர். மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒரு பெண்ணின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு, கிடைக்கும் செய்திகளைப் படித்து, எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது என முடிவு சொல்ல வேண்டும். இளைய பெண்கள் மேலும் மேலும் தகவல் கேட்டனர், முடிவைத் தள்ளிவைத்தனர். முதிய பெண்கள் குறைவாகக் கேட்டு விரைவாக முடிவுக்கு வந்தனர். தேர்ந்தெடுத்த சிகிச்சைகளைப் பார்த்தபோது, மூன்று பிரிவினருக்குமிடையே வேறுபாடு இல்லை.

முதிய பெண்களின் விரைவைப் பொறுப்பின்மை என்று எவரேனும் கருதினால் அது பிழை. எழுபது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண், தன் சுற்றத்தில் நோயைப் பலமுறை பார்த்திருப்பார். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்திருந்திருப்பார். உடன்பிறந்தாளுக்கோ தோழிக்கோ நேர்ந்ததை அருகிலிருந்து கண்டிருப்பார். அவருக்கு அந்நோய் முற்றிலும் புதிய செய்தியன்று. இருபது வயதுப் பெண் தகவல் தாள்களிலிருந்து திரட்ட வேண்டியதில் ஒரு பகுதி அவரிடம் முன்பே இருக்கிறது.

எனினும், எவ்வளவு தேடுகிறார்கள் என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை. எதைத் தேடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியமானது. எனது கணிப்பில், இப்பொருளில் நாம் மிகுதியும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன், மனிதரின் விருப்பங்களை அவர்கள் தமக்கு முன்னால் எவ்வளவு காலம் இருப்பதாக உணர்கின்றனர் என்பதோடு தொடர்புபடுத்தினார். காலம் நீண்டு கிடப்பதாக உணரும்போது, இனிமையற்றதாயினும் பின்னாளில் உதவக்கூடிய அறிவை மனம் நாடுகிறது. காலம் குறுகிவிட்டதாக உணரும்போது, இப்போதைய நிறைவைத் தருவனவற்றையும் நெருங்கியோரையும் நாடுகிறது. வயதே இதற்குக் காரணமாயின் இளைஞரிடம் இம்மாற்றம் தோன்றக் கூடாது. ஆனால் தோன்றியது. ஹாங்காங் 1997-இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படவிருந்தது. ஒரு காலம் முடியப்போகிறது என்னும் உணர்வு நகரெங்கும் பரவியிருந்தது. ஒப்படைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன் கேட்டபோது, அந்நகர இளைஞரும் முதியோரைப் போலவே புதிய அறிமுகங்களைவிட நெருங்கிய உறவுகளை விரும்பினர். ஓராண்டுக்குப் பின் கேட்டபோது, இளைஞர் தம் பழைய விருப்பத்துக்குத் திரும்பியிருந்தனர்.

இந்த மனப்போக்கு முடிவுகளுக்கு முன் நிகழும் தேடலிலும் வெளிப்படுகிறது. கோரின்னா லாக்கன்ஹாஃப், கார்ஸ்டென்சன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்களையும் மருத்துவத் திட்டங்களையும் தேர்ந்தெடுக்கும் பணி இளையோருக்கும் முதியோருக்கும் தரப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நல்ல கூறுகளும் குறைகளும் இருந்தன. முதியோர், இளையோரோடு ஒப்பிட, நல்ல கூறுகளை மிகுதியாகத் திறந்து பார்த்தனர். பிறகு நினைவுபடுத்திச் சொல்லும்போதும் நல்லவற்றையே மிகுதியாகச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் கனிவாகப் பேசுவார் என்னும் கட்டம் திறக்கப்பட்டது. அவர் செய்த அறுவைகளில் எத்தனை பிழைத்தன என்பது மூடியே கிடந்தது என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

அவ்வாய்வின் இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. முதியோர் சிலரிடம், உண்மைகளிலும் விவரங்களிலும் கவனம் செலுத்துமாறு முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவ்வளவே. உடனே இரு வயதினருக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோனது. குறைகளைப் பார்க்கும் திறன் அவர்களிடம் குன்றவில்லை. பார்க்க வேண்டும் என்னும் நோக்கமே பின்தள்ளப்பட்டிருந்தது. ஒரு சொல் நினைவூட்டியதும் அது முன்னுக்கு வந்தது.

விருப்பத் தேர்வுகளின் பெருக்கம்

கடையில் நூறு வகை இருந்தால் மகிழ்ச்சி என இளையோர் எண்ணுகின்றனர். மருத்துவமனை, மருந்து, அன்றாடப் பொருள் எனப் பலவற்றில் எத்தனை வகைகள் இருந்தால் போதும் என்று கேட்டு 2008-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. முதியோர் விரும்பிய எண்ணிக்கை இளையோர் விரும்பியதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான், அந்நாட்டு அரசு முதியோருக்கான மருந்துக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தனியார் நிறுவனங்கள் அளித்த திட்டங்கள் பல மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மாதக் கட்டணம், விலக்குத் தொகை, மருந்துப் பட்டியல் ஆகியன வேறுபட்டன. எழுபது வயதைக் கடந்தவர்கள் இவற்றைக் கணினியில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மேலே கண்ட தகவல் பலகையை நினைவில் கொண்டால், நானூறு கட்டங்களை அவர்கள்முன் வைத்ததற்கு இது ஒப்பாகும்.

பட்டறிவு உதவாத இடங்கள்

குறைவாகத் தேடினாலும் பிழை நேராமைக்குப் பட்டறிவே காரணம் என்றால், அப்பட்டறிவு எட்டாத துறைகளில் என்ன ஆகும்? பணம் தொடர்பான செய்திகளில் இதற்கு விடை காணலாம்.

சுமித் அகர்வால் உள்ளிட்ட பொருளியலாளர் நால்வர், அமெரிக்கர் கடன் பெறும் வகைகள் பத்தினை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தேவையற்ற கட்டணம் செலுத்துதல், தகுதிக்கு மேற்பட்ட வட்டிக்கு உடன்படுதல் போன்ற பிழைகளை அவர்கள் கணக்கிட்டனர். இளமையில் மிகுதியாயிருந்த பிழைகள் வயதோடு குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 53 வயதில் மிகக் குறைவாக இருந்தன. அதன்பின் மீண்டும் ஏறின. ஏறிக்கொண்டிருக்கும் பட்டறிவும் இறங்கிக்கொண்டிருக்கும் ஆராயும் வேகமும் அந்த வயதில் சந்திக்கின்றன என அவர்கள் விளக்கினர். உத்திரமேரூர்க் கல்வெட்டின் 35-க்கும் 70-க்கும் நடுவிடம் ஐம்பத்திரண்டரை. இது தற்செயல் ஒற்றுமைதான். ஆயினும் அச்சபையோர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

ஓய்வுபெறும்போது கிடைக்கும் தொகையை வங்கியில் நிலை வைப்பாக இடச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக அவர் அறிந்த வங்கி, வைப்புத்தொகைக்கு வட்டி தரும் இடம். அங்கே காப்பீட்டுத் திட்டமும் விற்கப்படும் என்பதும், வைப்புத் தொகைக்கும் காப்பீட்டுக்கும் இடையே எத்தனையோ வேறுபாடுகள் உண்டு என்பதும் அவருடைய பட்டறிவில் இல்லை. பழகிய முகம் நீட்டிய தாளில் கையொப்பமிட்டுவிடுவார். ஆண்டுதோறும் தவணை செலுத்த வேண்டும் என்பதை மறுஆண்டுதான் அறிவார். இங்கு இரண்டு கேள்விகள் போதா. நமது நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை விதிகள் இத்தகையோருக்கு ஒரு வழி வைத்துள்ளன. ஆயுள் காப்பீட்டு ஆவணம் கைக்கு வந்தபின் அதனைப் படித்துப் பார்த்து, விருப்பமில்லையெனில் திருப்பித்தரக் கால வாய்ப்பு உண்டு. முன்பு பொதுவாக 15 நாள்களாக இருந்த அது 2024-இல் 30 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. முடிவுக்கு முன் விடுபட்ட தேடலை முடிவுக்குப் பின் செய்துகொள்ள அளிக்கப்பட்ட காலம் என இதனைக் கூறலாம். ஆவணத்தைப் பிரித்துப் படித்தால்தான் அது பயன்படும்.

மோசடிக்காரர் இதனை நன்கு அறிந்துள்ளனர். 'டிஜிட்டல் கைது' என்னும் பெயரில் அண்மைக்காலத்தில் முதியோர் பலர் சேமிப்பை இழந்துள்ளனர். காவல்துறை அலுவலர் வேடத்தில் காணொலி அழைப்பில் தோன்றுபவன் இடும் முதற்கட்டளை, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது. அடுத்தது, வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது. பணத்தைக் கேட்பதற்கு முன் அவன் செய்வது தேடலின் வாயில்களை ஒவ்வொன்றாக அடைப்பதே. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு, பக்கத்து வீட்டாரிடம் ஒரு சொல் என ஏதேனும் ஒரு கட்டம் திறக்கப்பட்டாலும் அவன் நாடகம் கலைந்துவிடும். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம். படித்த, உயர்பதவி வகித்த முதியோரும் இதற்கு இரையாவதைப் பார்க்கும்போது, அறியாமை என்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியவில்லை. அரசு அலுவலரின் குரலுக்குப் பணிந்து பழகிய பட்டறிவே இங்கு எதிராக வேலை செய்கிறது.

பிறர் தேடித் தரும்போது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி. தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் அவ்வயதினர். நம் குடும்பங்களில் அவர்களுக்கான தேடலைப் பெரும்பாலும் மகனோ மகளோ பேரக்குழந்தையோ செய்கிறார்கள். மருத்துவ அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. மருந்துடன் வரும் தாளில் எழுத்து எறும்பைவிடச் சிறிதாக உள்ளது. மருத்துவமனையில் எல்லாரும் விரைந்து பேசுகிறார்கள். கண்ணும் காதும் தளர்ந்த ஒருவர் குறைவாகத் தேடுகிறார் என்பதில் ஒரு பகுதி, அவருக்கு எட்டும் உயரத்தில் தகவல் வைக்கப்படவில்லை என்பதாகும்.

இதைவிடக் கடினமான நிலை ஒன்றும் உண்டு. பெரியவருக்குப் புற்றுநோய் எனத் தெரியவந்ததும், "அப்பாகிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர், மனசு உடைஞ்சிடும்" எனப் பிள்ளைகள் கேட்டுக்கொள்வதை நாம் அறிவோம். அன்பினால் சொல்லப்படும் சொல் அது. முடிவைப் பிறரிடம் விடுவதும் தகவலே வேண்டாம் என்பதும் ஒன்று என்னும் எண்ணம் அதற்குள் மறைந்திருக்கிறது. அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டு 2005-இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. சிகிச்சை முடிவில் தாமே பங்கேற்க வேண்டும் என்னும் விருப்பம் 45 வயது வரை கூடி, அதன்பின் குறைந்தது. இறுதி முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுவதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். ஆனால் என்னென்ன வழிகள் உள்ளன என்று தமக்குச் சொல்லப்பட வேண்டும், தம் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என விரும்பியோர் நூற்றுக்கு 96 பேர். அயல்நாட்டுக் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தும் எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், "நீங்க பார்த்துச் செய்யுங்க தம்பி" எனச் சொல்லும் தாத்தா, 'என்னிடம் எதையும் சொல்லாதீர்கள்' என்று சொன்னதாகப் பொருள் கொள்ள அதில் இடமில்லை.

லாக்கன்ஹாஃப் ஆய்வில் முதியோரின் தேடலை மாற்றியது ஒரே ஒரு குறிப்பு. நம் வீடுகளில் அது ஒரு கேள்வியாக அமையலாம். கண்புரை அறுவைக்கு இரண்டு மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு, முதல் மருத்துவமனையின் மருத்துவர் சிரித்த முகத்தோடு பேசினார் என்று பாட்டி மகிழ்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது, பேத்தி அருகமர்ந்து, "அங்க என்ன குறைன்னு தோணுச்சு பாட்டி?" எனக் கேட்கலாம். பாட்டி சற்று யோசிப்பார். அறுவை முடிந்தபின் கண்ணில் வலி வந்தால் இரவில் யாரை அழைப்பது என்று தாம் கேட்கவே இல்லை என்பது அப்போது அவருக்கு நினைவுக்கு வரும்.